பால்பவுடர் டின்னில் ஒரு போர்க்கப்பல்

போர் வரப்போகிறது என்று உறுதியான அந்தக் குளிர்காலத்தில் குவைத்தின் மங்காஃபில் இருந்த நம்மூர்க் குடும்பங்களில் பாதி ஊருக்கு டிக்கெட் போட்டது. மீதிப் பாதி பால்பவுடர் வாங்கிக் குவித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் ஈராக். அங்கே அடி விழுந்தால் குவைத்துக்கு ஏவுகணை வரும் என்றுதான் எங்கும் பேச்சு. ஜன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி, ஒரு அறையைக் காற்றுப் புகாமல் அடைத்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். எங்கள் கட்டடத்துப் பெண்களில் ஏறக்குறைய எல்லோரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். என் கணவருக்கு ரிஃபைனரியில் கருவிகளைப் பழுது பார்க்கும் வேலை. கம்பெனி அவர்களை விடவில்லை. எனக்கு மட்டும் டிக்கெட் போட்டுவிடலாம் என்றார்.

"நான் போகலைங்க," என்றேன்.

"பிடிவாதம் பிடிக்காத. உனக்கு இங்க என்ன வேலை இருக்கு?"

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் குவைத் விசா ஒட்டியிருந்த பக்கத்தில் இல்லத்தரசி என்று போட்டிருக்கும். அந்த விசாவில் வேலை பார்க்கக் கூடாது. கல்யாணத்துக்கு முன்னால் துவாக்குடியில் பாய்லர் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தேன். பதவியின் பெயரே அதுதான். பெண்ணுக்கென்று வேறு பெயர் கிடையாது, நானும் கேட்டதில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ, ஆறு வருஷ அனுபவம், நூற்றுக்கணக்கான வரைபடங்களில் என் கையெழுத்து. குவைத்துக்கு வந்ததிலிருந்து யார் கேட்டாலும் "வீட்டுல சும்மாதான் இருக்கேன்" என்று என் வாயே சொல்லப் பழகியிருந்தது.

நான் போகவில்லை. சைரன் ஊதும்போதெல்லாம் இரண்டு பேரும் டேப் ஒட்டிய அறையில் போய் உட்கார்ந்தோம். பெரிதாக ஒன்றும் எங்கள் பக்கம் விழவில்லை. சில வாரங்களில் எல்லாம் ஓய்ந்தது. ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். எங்கள் சமையலறையில் பால்பவுடர் டின்கள் அப்படியே அடுக்கியிருந்தன. வருஷம் முழுக்க பால்கோவா செய்து தின்றோம். டின்களை மட்டும் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. நல்ல தகடு. வளைத்தால் வளையும், வெட்டினால் பிசிறாது.

போருக்குப் பயந்து கிளம்பிய வெள்ளைக்காரர்களின் வீட்டுச் சாமான்களெல்லாம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வந்திருந்தன. ஒரு எகிப்தியக் கடைக்காரனிடம் இஸ்திரி மேஜை ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் குடைகள் செருகும் பீங்கான் ஜாடி ஒன்றில் பெரிய காகிதச் சுருள்கள் நின்றன. பழக்க தோஷத்தில் ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

அது ஒரு கப்பலின் வரைபடம். அச்சில் எடுத்த நகல்தான், ஆனால் ஒவ்வொரு கோடும் தெளிவாக இருந்தது. பக்கவாட்டுத் தோற்றம், மேலிருந்து பார்த்த தோற்றம், பிறகு கப்பலைக் குறுக்கே வெட்டி வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியும் என்று காட்டும் வளைவுகள், வெங்காயத்தை அரிந்து அடுக்கியதுபோல. எழுத்துகள் ஏதோ ஒரு வடக்கு ஐரோப்பிய மொழி. கப்பலின் பெயர் இருந்திருக்க வேண்டிய மூலை கிழிந்துபோயிருந்தது. இரண்டாவது சுருளிலும் அதே கப்பல்தான், ஆனால் உருவம் மாறியிருந்தது. அடிப்பகுதியில் ஒரு வளைவுகூட மாறவில்லை. மேலே எல்லாமே வேறு. இரண்டு தாள்களிலும் போட்டிருந்த வருஷங்களுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு தலைமுறை இடைவெளி. முதலாவது கட்டியபோது வரைந்தது, இரண்டாவது அதைப் பிரித்துத் திரும்பக் கட்டியபோது வரைந்தது என்று அங்கேயே புரிந்துவிட்டது.

"இஸ்திரி மேஜையோட இதையும் கேளுங்க," என்றேன் கணவரிடம்.

"இது எதுக்கு?"

"கேளுங்க சொல்றேன்."

கடைக்காரன் சிரித்துக்கொண்டே சுருள்களைச் சும்மா கொடுத்துவிட்டான்.

பக்கத்து ஊரான ஃபஹாஹீலில் ஒரு இன்டர்நெட் கடை இருந்தது. அங்கே உட்கார்ந்து படித்துத்தான் அது எந்த வகைக் கப்பல் என்று தெரிந்துகொண்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில், மரக்கப்பல்கள் குண்டு பட்டால் எரிந்துபோகின்றன என்று இரும்புக் கவசம் போர்த்த ஆரம்பித்த காலத்தில், சின்ன நாடுகள் இப்படிப்பட்ட கப்பல்களைக் கட்டியிருக்கின்றன. உலகம் சுற்றவோ இன்னொரு நாட்டின் மீது படையெடுக்கவோ இதனால் முடியாது. நிலக்கரி வைக்கவே அவ்வளவு இடமில்லை. தன் கரையை ஒட்டி நின்று, வருகிறவனைத் தடுப்பதுதான் இதன் வேலை. அதனால் உடல் தண்ணீருக்குள் தாழ்ந்து கிடக்கும். எதிரி குறிபார்த்துச் சுடப் பெரிதாக ஒன்றும் கண்ணில் படாது. கனமான இரும்புத் தகடு, அதற்குப் பின்னால் தேக்குப் பலகை, முன்னால் சுழலும் ஒரு வட்டக் கோபுரம், அதற்குள் பெரிய பீரங்கி.

போகச் சொன்னபோது போகாமல் இருந்தவள் நான். இந்தக் கப்பலை எனக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சாப்பாட்டு மேஜை என் பட்டறையானது. தச்சுக் கடையிலிருந்து மீந்துபோன பிளைவுட் துண்டுகளை வாங்கி விலா எலும்புகள்போல அறுத்து அடுக்கினேன். ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். பழப்பெட்டிப் பலகையை உரித்து மேலே ஒட்டினேன். பால்பவுடர் டின்களைத் தகரக் கத்திரியால் வெட்டி விரித்து, உள்பக்கத்திலிருந்து ஆணியால் தட்டித் தட்டி, வெளிப்பக்கம் ரிவெட் தலைகள் வரிசையாகத் தெரியும்படி செய்தேன். கணவருடைய சால்டரிங் அயர்னைப் பிடுங்கிக்கொண்டேன். வீடெல்லாம் ஈயப்புகை நாற்றம்.

"ஒரு நாளாவது இந்த டேபிள்ல உக்காந்து சாப்பிடலாமா?" என்பார் அவர்.

"தரையில உக்காந்து சாப்பிட்டா உடம்புக்கு நல்லதுங்க."

எதிர் ஃபிளாட்டில் ஒரு யாழ்ப்பாணத்து அக்கா இருந்தார். ஃபஹாஹீலில் ஒரு டிரேடிங் கம்பெனி ஆபீஸில் வேலை. அவர் வீட்டுக்காரர் விமான நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்தார். போரின்போது கட்டடத்தில் தங்கிய பெண்கள் நாங்கள் இருவர்தான். அந்த நாட்களில்தான் நெருக்கமானோம். சைரன் ஊதினால் நான் நடுங்குவேன், அவர் தேத்தண்ணி போடுவார். "உது ஒண்டும் இல்லை தங்கச்சி, இரும்" என்பார். என் மேஜையில் இருந்த மரக்கூட்டைப் பல நாள் பார்த்திருக்கிறார். படகு என்று நினைத்திருக்கிறார். பீரங்கிக் கோபுரத்தைச் செய்து நான் மேலே பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்த அன்றைக்குத்தான் அவருக்கு அது என்னவென்று தெரிந்தது.

"உது என்ன, நேவிக் கப்பலோ?"

"பழைய காலத்துக் கப்பல் அக்கா. கரையைக் காக்கிறது."

அவர் உட்காரவில்லை. "எங்கட வீடு கடக்கரையில. பள்ளிக்கூடம் போற ரோட்டில நிண்டு பாத்தா, தூரத்தில இப்பிடித்தான் ஒண்டு நிக்கும். சாம்பல் நிறத்தில. அது நிக்கிற அண்டைக்கு நாங்கள் பங்கருக்குள்ள. என்ர சிநேகிதி வீடு அது அடிச்ச செல்லிலதான் போச்சு. கரையைக் காக்கிறதெண்டுதான் அவங்களும் சொன்னவங்கள்."

நான் கோபுரத்திலிருந்து கையை எடுத்தேன்.

"அந்தப் பீரங்கியக் கழட்டும் தங்கச்சி. மிச்சம் வடிவாத்தான் இருக்கு."

அவருக்காகக் கழற்றியிருக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் ஒவ்வொரு அளவையும் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தேன். பீரங்கி இல்லாமல் செய்தால் அது இன்னொரு பொருள். நான் செய்ததை வேறொன்றாக மாற்றிக் காட்ட எனக்கு மனமில்லை.

"கழட்ட மாட்டேன் அக்கா. அது போர்க்கப்பல். போர்க்கப்பலாத்தான் இருக்கணும். பொய்யா ஒரு சுற்றுலாக் கப்பல் செஞ்சு வைக்க என்னால முடியாது."

"சரி. உம்மட இஷ்டம்," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதன்பிறகு மாடிப்படியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார்.

கப்பலுக்குச் சாம்பல் நிற பெயின்ட் வாங்கி வைத்திருந்தேன். இன்டர்நெட்டில் இன்னும் தேடிப் பார்த்ததில், அந்தக் காலத்தில் இவ்வகைக் கப்பல்கள் பெரும்பாலும் கறுப்பு உடலும் வெள்ளை மேல்தளமுமாக இருந்தன என்று தெரிந்தது. சாம்பல் டப்பாவைத் திறக்காமலே தூக்கி வைத்தேன். இதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அவருக்காக மாற்றினேன் என்று நினைத்துவிடக் கூடாதே.

எங்கள் பகுதித் தமிழர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கம் இருந்தது. குளிர்காலத்தில் கடற்கரைப் பிக்னிக், அதில் போட்டிகள், கண்காட்சி. கணவரின் நண்பர் ஒருவர் மூலம் கப்பல் விஷயம் பரவி, சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்தார். "அபாரம், அபாரம்" என்றார். காபியைக் குடித்துக்கொண்டே விஷயத்துக்கு வந்தார்.

"சிஸ்டர், ஒரு சின்ன சிக்கல். லேடீஸ் பிரிவுல பானை பெயின்டிங், பூ வேலை, கோலம், இப்படித்தான் வச்சிருக்கோம். இது அங்க பொருந்தாது. ஜென்ட்ஸ்ல மாடல் பிரிவு இருக்கு. சார் பேர்ல போட்டுட்டா எல்லாருக்கும் சுலபம்."

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் பேசினார். ஆறு மாதமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

"நான் செஞ்சது தகரக் கத்திரி வாங்கிக் குடுத்தது மட்டும்தான். அவ பேர்ல போடுங்க, இல்லன்னா விட்டுருங்க."

"அது இல்ல சார், மத்தவங்க என்ன நினைப்பாங்கன்னு..."

"மாடல் பிரிவுல என் பேரைப் போடுங்க," என்றேன். "ஜென்ட்ஸ்ங்கற வார்த்தைய அடிச்சுடுங்க. ஒரு கோடுதானே."

அவர் சங்கடமாகச் சிரித்தார். கடைசியில் போட்டியில் சேர்க்காமல், வெறும் காட்சிக்கு, கடலில் மிதக்கவிட்டுக் காட்டலாம் என்று முடிவு செய்தார்கள். எனக்குப் போட்டி முக்கியமில்லை, மிதப்பதுதான் முக்கியம் என்று ஒத்துக்கொண்டேன். பாத்டப்பில் தண்ணீர் நிரப்பி விட்டுப் பார்த்தேன். நிமிர்ந்து நின்றது. அதற்குப் பிறகுதான் மேல்தளங்களையும் உயரமான கொடிமரத்தையும் முடித்தேன்.

பிக்னிக் அன்று நல்ல வெயில், கொஞ்சம் காற்று. பிரியாணி வாசனையும் மைக் சத்தமுமாகக் கூட்டம். செயலாளர் மைக்கில் "நமது சகோதரி ஒருவரின் கைவண்ணத்தில்" என்று ஆரம்பித்து என் கணவர் பெயரைச் சொல்லி, அவர் மனைவி என்று முடித்தார். நான் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கப்பலை விட்டேன். நைலான் நூல் ஒன்று கட்டியிருந்தது. முதல் சின்ன அலையில் ஆடியது. இரண்டாவதில் சாய்ந்தது. சாய்ந்தது நிமிரவேயில்லை. அப்படியே புரண்டு, நான் பார்த்துப் பார்த்துத் தகடு வைத்த சிவப்பு அடிவயிற்றைக் கூட்டத்துக்குக் காட்டியது.

"சண்டை முடிஞ்சுபோச்சு டோய்!" என்று யாரோ கத்தினார்கள். கரை முழுக்கச் சிரிப்பு. மைக்கிலும் சிரிப்பு கேட்டது. நூல் அறுந்து கப்பல் உள்ளே நகர ஆரம்பித்தது. "பிள்ளை குட்டி இருந்தா இதுக்கெல்லாம் நேரம் இருக்குமா?" என்று என் பின்னால் ஒரு பெண் குரல். திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

யாரோ என்னைத் தாண்டித் தண்ணீருக்குள் வேகமாகப் போனார்கள். எதிர் ஃபிளாட் அக்கா. சுரிதார் நனைய இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, புரண்டு கிடந்த கப்பலை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கினார். உள்ளே புகுந்த தண்ணீர் அவர் மேலெல்லாம் ஊற்றியது. கரைக்குக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"அக்கா..."

"எனக்கு உம்மட கப்பல் பிடிக்காது. இப்பவும் பிடிக்காது," என்றார் மூச்சு வாங்க. "ஆனா உவங்கள் சிரிக்கிறது அதைவிடப் பிடிக்கேல்ல. வாரும், வீட்ட போவம்."

அடுத்த வாரம் ஒரு மின்னஞ்சல் சுற்றியது. புரண்ட கப்பலின் போட்டோ, கீழே "குவைத் தமிழ்க் கடற்படை" என்று ஒரு வரி. சங்கத்தில் இருந்த எல்லோருக்கும் போயிருந்தது. கணவர் ஆபீஸில் பிரின்ட் எடுத்து ஒட்டிவிட்டார்கள். அவர் அதைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்து, என்னிடம் காட்டலாமா வேண்டாமா என்று தயங்கிக் கடைசியில் காட்டினார். நான் இன்டர்நெட் கடைக்குப் போனேன். வந்த பட்டியலில் இருந்த எல்லோருக்கும் சேர்த்துப் பதில் போட்டேன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினேன். "கப்பல் கவிழ்ந்தது உண்மை. ஏன் கவிழ்ந்தது என்று கண்டுபிடித்துத் திருத்துவேன். அடுத்த குளிர்காலம் அதே கரையில் திரும்ப விடுவேன். சிரிக்க வருகிறவர்கள் வரலாம். மேலும், என் பெயர் என் கணவருடைய மனைவி என்பது அல்ல." கீழே என் முழுப்பெயரைப் போட்டேன்.

"அப்பவும் மிதக்கலைன்னா?" என்றார் கணவர்.

"திரும்பக் கட்டுவேன்."

கோபத்தில் எழுதுவது சுலபம். மேஜையில் வந்து உட்கார்ந்தபோதுதான் வேலை தெரிந்தது. தகடுகள் பிதுங்கியிருந்தன, பலகை ஊறியிருந்தது. ஈரம் காயும்வரை வரைபடங்களை எடுத்தேன். பால்கனிக் கதவுக் கண்ணாடியில் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டினேன். பகல் வெளிச்சம் பின்னாலிருந்து அடிக்க, ஒரே கப்பலின் இரண்டு உருவங்களும் ஒன்றாகத் தெரிந்தன.

அப்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் இதைத் திரும்பக் கட்டியவர்கள் புதிதாக மேல்தளம் வைத்திருக்கிறார்கள், கொடிமரத்தில் காவல்தட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொன்றை ஏற்றும்போதும் ஒன்றை இறக்கியிருக்கிறார்கள். பழைய ராட்சசப் பீரங்கியும் அதன் தடித்த கோபுரமும் போய், அந்த இடத்தில் மெல்லிய புதுவகைப் பீரங்கிகள். பாய்லரும் மாறியிருக்கிறது. முதல் தாளில் பெரிதாக உட்கார்ந்திருந்த பாய்லர்கள் இரண்டாவதில் இளைத்துப்போயிருந்தன. அந்த வரைவாளன் யாரோ, மேலே ஒரு தகடு வைப்பதற்கு முன்னால் கீழே கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

நானோ, இரண்டாவது தாளின் மேல்தளங்களை வைத்துக்கொண்டு, முதல் தாளின் பெரிய கோபுரத்தையும் விடாமல் வைத்திருந்தேன். கோபுரம் பார்க்க அழகாக இருந்தது ஒரு காரணம். அக்கா கழற்றச் சொன்னதால் கழற்றவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தது இன்னொரு காரணம். போதாததற்கு, அலையே இல்லாத பாத்டப்பை நம்பியிருந்தேன்.

சமையலறைத் தராசில் ஒவ்வொரு துண்டாக நிறுத்தேன். வெங்காயம் நிறுக்கும் தராசு அது. பெரிய கோபுரம் வைத்ததும் முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. அதைப் பிரித்துப் போட்டேன். சின்னப் பீரங்கிகளை வெற்றுப் பேனாக் குழாயில் செய்தேன். மேல்தளத்துத் தகரத்தைக் கழற்றிவிட்டு அட்டையில் செய்து வார்னிஷ் அடித்தேன். கொடிமரத்தை மெல்லிய மூங்கிலில் மாற்றினேன். கீழே, அடிக்கட்டையின் இரண்டு பக்கமும், கணவர் கொண்டுவந்த பழைய போல்ட்டுகளையும் நட்டுகளையும் நெருக்கமாக அடுக்கி, ஆடாமல் ஈயம் ஊற்றினேன். பாத்டப்பில் போட்டுவிட்டு, என் கையாலேயே அலை அடித்தேன். பக்கவாட்டில் அமுக்கிவிட்டுக் கையை எடுத்தேன். ஒவ்வொரு முறையும் எழுந்து நின்றது. பாத்ரூம் தரையெல்லாம் தண்ணீர். அன்றைக்கு நான் தனியாகவே கைதட்டிக்கொண்டேன்.

அக்கா ஒரு நாள் வந்து மேஜையைப் பார்த்தார். பேச்சு மறுபடி தொடங்கியிருந்தது.

"நான் சொல்லேக்க எடுக்கேல்ல. இப்ப எடுத்துப்போட்டீர்."

"நீங்க சொன்னதுக்காக எடுக்கலை அக்கா. எடை தாங்கலை, எடுத்தேன்."

"ஓம் ஓம். என்னத்துக்காகவோ எடுத்தீர், காணும்." குனிந்து பார்த்தார். "குட்டிப் பீரங்கி கிடக்குது."

"அது இருக்கும்."

"இருக்கட்டும்," என்றார். "நிறம் சாம்பல் இல்லை. அதைக் கண்டனான்." போகும்போது, என்றைக்கு விடப்போகிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

குளிர்காலம் வந்தது. சங்கத்துப் பிக்னிக்குக்கு எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை, அதே கரையில், நானும் கணவரும் அக்காவுமாகக் கப்பலை ஒரு பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு இறங்கினோம். நாளையும் நேரத்தையும் அதே மின்னஞ்சல் பட்டியலுக்குப் போட்டிருந்தேன், ஆனாலும் யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். போட்டோ அனுப்பியவர்களில் சிலர் வந்திருந்தார்கள், செயலாளரும். தள்ளி நின்று, வேறு வேலையாக வந்தவர்கள்போலக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பெட்ஷீட்டைப் பிரித்த நேரம் பார்த்து ஒரு போலீஸ் ஜீப் வந்து நின்றது. போருக்குப் பிறகு கரையோரம் எல்லாவற்றையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். ஒரு போலீஸ்காரர் இறங்கி வந்தார். சின்ன வயது. "ஷினு ஹாதா?" என்றார். என்ன இது என்று கேள்வி. வேறு வேலையாக வந்தவர்கள் இன்னும் பல அடி தள்ளிப் போனார்கள்.

என் கணவர் தனக்குத் தெரிந்த அரபியில் விளக்கினார். பழைய கப்பல், விளையாட்டு, உள்ளே ஒன்றுமில்லை. போலீஸ்காரர் மேல்தளத்தைத் திறக்கச் சொன்னார். திறந்து காட்டினேன். போல்ட்டும் நட்டும் ஈயமும். தட்டிப் பார்த்தார். மோட்டார் உண்டா, கேமரா உண்டா என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் கையை வீசினார். "மம்னூ. யல்லா, வீட்டுக்கு." கூடாதாம், கிளம்ப வேண்டுமாம்.

"வா, போயிடலாம்," என்றார் கணவர் மெதுவாக.

நான் நகரவில்லை. கையை விரித்து அவரிடம் காட்டினேன். காய்கறிக் கடையில் கற்ற அரபியில், "கம்ஸ தகீக, ஐந்தே நிமிஷம்," என்றேன். "போன தடவை இது கவிழ்ந்துச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னைக்கு நிக்குதான்னு பாத்துட்டுப் போயிடுறேன்." பின்பாதி தமிழிலும் ஹிந்தியிலுமாக வந்தது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீ செய்ததா?" என்று விரலால் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். கடிகாரத்தைத் தட்டிக் காட்டிவிட்டு ஜீப்பில் சாய்ந்து நின்றுகொண்டார்.

தண்ணீரில் இறங்கி விட்டேன். தாழ்ந்து, கறுப்பாக, அசையாமல் உட்கார்ந்தது. சின்ன அலைகள் தளத்தின் மேல் ஏறி இறங்கின. அதைப் பார்த்து நான் கவலைப்படவில்லை. அப்படி ஏற வேண்டும் என்றுதான் அதை வரைந்திருக்கிறார்கள். திடீரென்று ஒரு இளைஞன் ஜெட்ஸ்கியில் கரைக்கு மிக அருகில் சீறிக்கொண்டு போனான். அவன் கிளப்பிய அலை வருவதைப் பார்த்தேன். இழுத்துவிடலாம், கையில் நூல் இருந்தது. இழுக்கவில்லை. அலை கப்பலை முழுக்க மூடியது. கொடிமரம் மட்டும் தெரிந்தது, அதுவும் படுத்தது. பிறகு மெல்ல, ஒரு பக்கமாகத் தண்ணீரை வடித்துக்கொண்டே, எழுந்து நின்றது.

"ஸேன்!" என்றார் போலீஸ்காரர் ஜீப்பிலிருந்து. நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். அக்கா என் தோளைப் பிடித்து அழுத்தினார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே திரும்பினேன். செயலாளர் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"சிஸ்டர், அடுத்த வருஷம் மாடல் பிரிவை எல்லாருக்கும் பொதுவா ஆக்கலாம்னு பேசிட்டிருக்கோம்."

"ஆக்குங்க. யாராவது பொண்ணுங்க செய்வாங்க," என்றேன். "நான் ஒரு தடவை விட்டுக் காட்டிட்டேன்."

கப்பலைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு கிளம்பினோம். ஐந்து நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது.

சில வருஷம் கழித்து, குடும்ப விசாவில் இருப்பவர்கள் வேலை விசாவுக்கு மாறலாம் என்று விதி ஒருமுறை தளர்ந்தது. ஷுஐபா பக்கத்தில் இரும்புக் கட்டுமானங்கள் செய்யும் ஒரு யார்டில் நேர்காணலுக்குப் போனேன். வரைவுப் பிரிவுத் தலைவர் என் விவரத்தாளைப் பார்த்துவிட்டு, நடுவில் காலியாகக் கிடந்த வருஷங்களில் விரல் வைத்தார். கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை இருக்கிறது, அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"நான் வரைவு வேலைக்கு வந்திருக்கேன் சார்," என்றேன். "டெஸ்ட் வைங்க. தப்பா வரைஞ்சா நானே எழுந்து போயிடுறேன்."

ஒரு படிக்கட்டு வரைபடத்தைக் கையில் கொடுத்தார். அதில் ஒரு கைப்பிடி, ஏறுகிறவர் தலையில் இடிக்கும்படி இருந்தது. அதைச் சுட்டிக்காட்டிவிட்டு வரைய ஆரம்பித்தேன். வரைவு வேலைக்கே எடுத்துக்கொண்டார். விசா மாற மாதங்கள் ஆயின. மாறியது. முதல் நாள் காலை அம்மா திருச்சியிலிருந்து ஃபோன் பண்ணினார். கம்பெனி பஸ் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் பேசறேம்மா," என்றேன். "எனக்கு ட்யூட்டிக்கு நேரமாச்சு."